விஸ்காம் இன்டர்ன்ஷிப்: நெல்லைப் பக்கம் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் வருஷம் படிக்கிறேன். மே லீவில் 30 நாள் இன்டர்ன்ஷிப் போய் ரிப்போர்ட், வருகைப் பதிவு, லெட்டர்ஹெட்டில் சான்றிதழ் மூன்றும் கொடுத்தால்தான் 2 கிரெடிட்.

சீனியர் அண்ணன் ஒருத்தர் கல்யாண ஸ்டூடியோவில் மாசம் முழுக்க லைட் பிடித்தார். சான்றிதழில் சீல் இல்லை என்று துறையில் திருப்பிவிட்டார்கள். அதான் இப்போதே கேட்கிறேன்.

எனக்கு ரேடியோதான் ஆசை. ஆடாசிட்டி என்ற ஆடியோ சாஃப்ட்வேரில் எடிட் பண்ணுவேன். குறுக்குத்துறை படித்துறையில் பதிவு செய்த 6 நிமிட ஆடியோ இருக்கிறது (காற்றுச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி). சென்னையில் 2004-லிருந்து ஓடும், அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான அண்ணா எஃப்எம் 90.4 மாதிரி இடம் என்றால் சந்தோஷம்தான், ஆனால் அங்கே ஒரு மாசம் தங்கும் செலவை அப்பாவிடம் கேட்க முடியாது.

நெல்லை, தூத்துக்குடி, மதுரையில் வெளிக் கல்லூரிப் பிள்ளைகளை எடுக்கும் சமுதாய வானொலி உண்டா? நெல்லை ஆகாசவாணிக்கு ஹெச்ஓடி (துறைத்தலைவர்) கடிதத்தோடு நேரில் போகலாமா, மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்கணுமா? அங்கே இன்டர்ன்ஷிப் பண்ணியவர்கள் யாராவது இருந்தால் புண்ணியமாகப் போகும்.

ஸ்டைபண்ட் வேண்டாம். 3,000 ரூபாய் கட்டினால் வராமலே சான்றிதழ் என்று ஒரு யூடியூப் சேனலில் சொன்னார்கள், அதுவும் வேண்டாம். மார்ச் கடைசிக்குள் துறையில் இடத்தைச் சொல்லியாகணும்.