வின்டர் ஸ்டாப்பேஜ்: முன்னாடியும் லாக் மூடல் பின்னாடியும் லாக் மூடல், நாங்க எங்க போறது?

மிதக்கும்வீடு:
இங்கிலாந்து மிட்லாண்ட்ஸ் பக்கம் கால்வாயில 57 அடி நாரோபோட்ல (ஒடுக்கமான நீளப் படகு) மூணு வருஷமா குடியிருக்கேன். சொந்த மூரிங், அதாவது போட்ட நிரந்தரமா கட்டி வைக்கற இடம், கிடையாது, அதனால ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நகந்துகிட்டே இருக்கணும். பராமரிப்புக்காக எதெத எப்ப மூடுவாங்கன்னு வர்ற இந்த வருஷ ஸ்டாப்பேஜ் லிஸ்ட்ட பாத்தா எனக்கு முன்னாடி ஒரு லாக் (தண்ணி மட்டத்த ஏத்தி இறக்கி போட்ட மேல கீழ கடத்தற கதவு வச்ச தொட்டி) ஜனவரி முழுக்க மூடல், பின்னாடி இன்னொன்னும் அதே மாசம். தண்ணி பிடிக்கிற பைப் அந்தப் பக்கம், டாய்லெட் கேசட்ட காலி பண்ற எல்சான் இந்தப் பக்கம், நடுவுல நான். கரியும் டீசலும் கொண்டு வர்ற ஃப்யூல் போட்டும் உள்ள வர முடியாது. வீட்டுல ஹீட்டிங்கே கரி அடுப்புதான், வெளிய மைனஸ் 4. ஏன்யா எல்லா வேலையையும் குளிர்லயே வச்சுக்கறீங்க?

ஓக்_கேட்:
தம்பி, நான் வாலன்டியர் லாக்கீப்பர், அந்த அனுபவத்துல சொல்றேன். லாக் கேட் ஓக் மரம், சுமாரா 25 வருஷம் தாங்கும், அப்புறம் மாத்தியே ஆகணும். ரெடிமேடா வாங்க முடியாது. ஒவ்வொரு லாக்கும் ஒரு அளவு, 200 வருஷம் முன்னாடி கட்டுன ஆளுங்க ஆளுக்கொரு முழக்கோல் வச்சிருந்தாங்க போல, பிராட்லியிலயும் ஸ்டான்லி ஃபெரியிலயும் இருக்கற பட்டறையில அளவெடுத்து ஒவ்வொண்ணா செய்யறாங்க. மாட்டறதுக்கு ரெண்டு பக்கமும் பலகை போட்டு அடைச்சு, தண்ணிய இறைச்சு, அதுக்கு முன்னாடி மீனெல்லாம் பிடிச்சு வேற இடத்துல விடணும். ஜூலையில பண்ணிப்பாருங்க, வெதுவெதுப்பான தண்ணியில ஆக்சிஜன் கம்மி, பாதி மீன் வாளியிலயே செத்துடும். அதுவும் போக கோடையில ஒரு லாக்க மூடுனா வாடகைக்கு போட் விடற கம்பெனிக்காரன் மொத்த சீசனும் காலி.

மிதக்கும்வீடு:
மீன் மேல இருக்கற அக்கறை மனுஷன் மேல இல்லயா அண்ணே 😀 சரி விடுங்க. செங்கல் வேலைக்கு என்ன சொல்றீங்க? பழைய லாக் சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை, 5 டிகிரிக்குக் கீழ போனா அது ஒழுங்கா இறுகாது, சாக்கு போட்டு மூடி ஹீட்டர் வச்சு பூசறாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிடுது. ஏப்ரல்ல ரெண்டு வாரத்துல முடியற வேலை ஜனவரியில ஆறு வாரம் ஓடுது.

ஓக்_கேட்:
காரை விஷயம் நீங்க சொல்றது நியாயம்தான், ஒத்துக்கறேன். ஆனா கேட் மாத்தறதுக்கும் காரைக்கும் சம்பந்தமில்ல.

தஞ்சாவூர்க்காரன்:
ஊர்ல மேட்டூர் அணைய ஜனவரி 28ல அடைச்சு ஜூன் 12ல தெறப்பாங்க, நடுவுல ஏப்ரல் மே மாசத்துல வாய்க்கால தூர்வாருவாங்க (வாரணும், வாருனதா கணக்கு எழுதறது தனிக்கதை). மூடாம பராமரிப்பே கிடையாது. மூடலன்னா கடைமடைக்கு தண்ணி போகாது. இதுக்கு போய் ஒரு சண்டையா?

மிதக்கும்வீடு:
உங்க வாய்க்காலுக்குள்ள யாராச்சும் குடும்பம் நடத்துறாங்களா சார்? எனக்கு அதுதான் அட்ரஸ்.

யாழ்_ஓடம்:
நானும் மனிசியும் ஒரு போட்டில பங்கு வச்சிருக்கிறம், வருசத்துக்கு மூண்டு கிழமைதான் எங்கட முறை வரும், அதுவும் கோடையில. 2025 வறட்சியில லீட்ஸ் லிவர்பூல் கால்வாயில வீகன் தொடக்கம் கார்கிரேவ் வரைக்கும் மே மாசமே பூட்டிப் போட்டாங்கள், ரிசர்வாயரில தண்ணி இல்லை. கோடையில தண்ணி இல்லாமப் பூட்டு, குளிர் காலத்தில வேலைக்குப் பூட்டு. இப்ப வேலையையும் கோடைக்கு மாத்துங்கோ எண்டா நாங்கள் எப்பதான் ஓடுறது? நீங்கள் இருக்கிறதுக்கு எங்கட மூண்டு கிழமையைத் தாங்கோ எண்டு கேக்கிறியள். நாங்கள் லைசென்சும் கட்டி மூரிங்குக்கும் தனியாக் கட்டுறம், அதையும் ஒருக்கா யோசியுங்கோ.

மிதக்கும்வீடு:
கட்டுறீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா மூரிங் இல்லாதவங்களுக்கு 2024 ஏப்ரல்ல லைசென்ஸ் மேல 5 சதவீதம் கூடுதல்னு ஆரம்பிச்சு வருஷா வருஷம் ஏத்தறாங்க, 2028ல அது 25னு திட்டம். அதிகமா கால்வாய யூஸ் பண்றோமாம். சரி, அப்ப அதிகமா யூஸ் பண்றவன் ஜனவரியிலயும் இருப்பான்னு லிஸ்ட் போடும்போது ஞாபகம் வரணும்ல? மூடாதீங்கன்னு சொல்ல வரல. முன்னாடி பின்னாடி ரெண்டையும் ஒரே மாசம் மூடாதீங்க, நடுவுல ஒரு வாட்டர் பாயின்ட்டாவது இருக்கற மாதிரி பாருங்க. இது கேட் செய்யறவன் பிரச்சன இல்ல, மேப்ப விரிச்சு வச்சு யோசிக்காதவன் பிரச்சன.

கணக்குப்புள்ள:
அடிச்சுக்கிட்டே இருங்க. 2012ல அரசு நிறுவனமா இருந்த பிரிட்டிஷ் வாட்டர்வேஸ கலைச்சு கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்டுன்னு அறக்கட்டளையா மாத்துனாங்க, கையில 2,000 மைல் கால்வாயும் ஆறும். 2027லேர்ந்து பத்து வருஷத்துக்கு கவர்மென்ட் தரப்போறது சுமார் 40 கோடி பவுண்டு, அதுவும் வருஷத்துக்கு 5 சதவீதம் குறைஞ்சுகிட்டே போகும். இந்தக் காசுல 2,000 மைல் ஓட்ட முடியாது. போட்டே வராத கால்வாய நிரந்தரமா மூடிட்டு மிச்சத்த நல்லா வச்சுக்கலாம், அதான் ப்ராக்டிகல்.

ஓக்_கேட்:
இததான் 1963லயும் சொன்னாங்க. அந்தக் குளிர்ல மாசக்கணக்கா ஐஸ் கட்டி சரக்கு ஓட்டிட்டு இருந்தவங்க தொழிலே படுத்துருச்சு, இனி எதுக்கு கால்வாய்னு கேட்டாங்க. அப்படி கைவிட்டத ஜனங்க சேத்துல இறங்கி தோண்டி எடுத்தாங்க. அப்புறம் மூடுனா செலவு நிக்கும்னு யார் சொன்னது? போட் வரலன்னாலும் கரை கரைதான், தண்ணிய தாங்கணும். 2019ல வேலி பிரிட்ஜ்ல, கால்வாய்க்கு தண்ணி தர்ற டாட்புரூக் அணையில உபரித்தண்ணி வழியற சரிவோட ஸ்லாப் பேந்து 1,500 பேர ஊர விட்டு வெளியேத்துனாங்க. 2025 டிசம்பர்ல விட்சர்ச் கிட்ட லாங்கோலன் கால்வாய் கரை உடைஞ்சு போட்டெல்லாம் குழிக்குள்ள கெடந்துச்சு. மூடிட்டு போயிடலாம்ங்கறவங்க அந்த ஃபோட்டோவ பாருங்க.

கணக்குப்புள்ள:
உடையற கரைக்கு காசு எங்கேர்ந்துன்னுதான் நானும் கேக்கறேன். லாக்குக்கு லாக் நடுவுல இருக்கற தண்ணிக்கு பேரு பவுண்டு, பேங்க்ல இருக்கறதுக்கும் பவுண்டு, ரெண்டும் ஒழுகுது.

யாழ்_ஓடம்:
😂 இதை மட்டும் ஒத்துக்கொள்ளுறன்.

தஞ்சாவூர்க்காரன்:
மிதக்கும்வீடு, ஜனவரி வர்றதுக்கு முன்னாடி வெளிய வந்துட்டா என்ன? லிஸ்ட் முன்கூட்டியே வருதுல்ல.

மிதக்கும்வீடு:
வரலாம் சார், பையன் ஸ்கூல் இங்க இருக்கு. தள்ளி போனா தினம் 40 நிமிஷம் கால்வாய் ஓர டோபாத் பாதையில சேறு மிதிச்சு நடக்கணும், லைட்டு கிடையாது. உள்ளயே இருந்துட்டா 14 நாள் ரூல மீறுனேன்னு லைசென்ஸ்ல கை வைப்பாங்களோன்னு பயம்.

ஓக்_கேட்:
அந்த பயம் வேணாம். 1995 சட்டத்துலயே 14 நாள், இல்லன்னா சூழ்நிலைக்கு நியாயமான கூடுதல் நாள்னு இருக்கு. லாக் மூடியிருக்கறத விட நியாயமான காரணம் என்ன வேணும், ஒரு மெயில் மட்டும் முன்னாடியே போட்டு வச்சுக்கோங்க. லிஸ்ட்டு ட்ராஃப்டா வர்றப்பவே கருத்து கேப்பாங்க, அப்ப எழுதுனீங்களா?

மிதக்கும்வீடு:
இல்ல. அப்ப வெயில் அடிச்சுது, தோணல 😐

யாழ்_ஓடம்:
தம்பி எந்தப் பக்கம் நிக்கிறீர் எண்டு தனியாச் சொல்லும், என்னட்ட வேன் இருக்கு. ரெண்டு மூட்டை கரி பாலத்தடியில கொண்டுவந்து இறக்கலாம். வாதத்தில நான் மாறேல்லை, அது வேற.

மிதக்கும்வீடு:
நன்றி அண்ணா, மெசேஜ் போடுறேன். புகை கம்மியா வர்ற ஸ்மோக்லெஸ் கரி மட்டும் பாத்து வாங்குங்க, போன தடவ ஈரக்கரி வாங்கி சிம்னி பூரா தார்.