பிரெஞ்சு ராணுவக் கல்லறைகளில் அயல்நாட்டு வீரர்கள்: பார்த்தவங்க எழுதுங்க

மேற்குத்திசை:
வடகிழக்கு பிரான்சில் வெர்தன் பக்கம் துவோமோன், முதல் உலகப்போர் கல்லறைத் தோட்டம். 16,000க்கும் மேல் கல்லறைகள், வெள்ளைச் சிலுவைகள் நூல் பிடிச்ச மாதிரி வரிசை. ஒரு பகுதியில் மட்டும் முஸ்லிம் வீரர்களோட 592 கற்கள் அந்த வரிசைக்கு ஒத்துப்போகாம வேற பக்கம் திரும்பி நிக்கும். மேலே குதிரைலாட வளைவு, பிறை, நட்சத்திரம், அரபியில் ஒரு வரி. கீழே பிரெஞ்சில் பெயர், படைப்பிரிவு, ‘பிரான்சுக்காக உயிர்நீத்தார்’. உடலை வலப்புறம் ஒருக்களிச்சு, முகம் மக்காவைப் பார்க்க அடக்கணும். அங்கிருந்து மக்கா தென்கிழக்கு. அதனால குழி வடகிழக்கு-தென்மேற்கா ஓடணும். கல் திரும்பினதுக்குக் காரணம் இவ்வளவுதான். கல்லோட வடிவத்தை வரைஞ்சது ஓவியர் எத்தியேன் தினே, 1914லேயே. பிறை தெரிஞ்சா வட ஆப்பிரிக்க வீரர்னு வெச்சுக்கலாம்.

செம்மண்:
அப்படி வெச்சுக்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கும் அதே கல்தான். ‘செனகல் துப்பாக்கிப் படை’ன்னு பேரு, ஆள் எடுத்தது மாலி, கினி, புர்கினா வரைக்கும். அதுல முஸ்லிம் அல்லாதவங்களும் ஏராளம். லியோன் பக்கம் ஷாஸ்லே போய்ப் பாருங்க. சுத்திலும் காவி நிறத்துல உயரமான மண்கோட்டைச் சுவர், உள்ளே 196 கல்லறை. 1940 ஜூன் 19, 20இல் நடந்த சண்டைக்குப் பிறகு ஜெர்மானியர்கள் வெள்ளைக் கைதிகளைத் தனியா பிரிச்சிட்டு, கறுப்பு வீரர்களைச் சுட்டுக் கொன்னாங்க. செனகலோட டக்காரிலிருந்து விமானத்துல மண் கொண்டுவந்து அங்கே கலந்திருக்காங்க. 1942 நவம்பர் 8இல் திறப்பு, அதுவும் ஜெர்மானியர்கள் அந்தப் பகுதியை ஆக்கிரமிக்கிறதுக்கு மூணு நாள் முன்னாடி!

பழையபதிவேடு:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். பெயர் தேடுறவங்க முதல்ல எந்த நாட்டுப் படைன்னு பாருங்க. புதுச்சேரி, காரைக்கால் ஆளுங்க பிரெஞ்சுப் படை. அவங்களை பிரிட்டிஷ் காமன்வெல்த் பட்டியல்ல தேடினா ஆயுசுக்கும் கிடைக்காது. பிரெஞ்சு பாதுகாப்பு அமைச்சகத்தோட ‘மெமுவார் தெ ஸோம்’ தளத்துல தேடணும். எழுத்துக்கூட்டல்தான் வம்பு. உகரத்துக்கு ‘ஓ, யு’ன்னு ரெண்டு எழுத்து போடுவாங்க, ‘சாமி’யில் ‘எஸ்’ இரட்டிக்கும். பெயரும் தகப்பன் பெயரும் இடம் மாறியிருக்கும். அல்ஜீரியர் சிலருக்குக் குடும்பப் பெயர் இடத்துல ‘எஸ்.என்.பி.’ன்னு இருக்கும், குடும்பப் பெயர் இல்லைன்னு அர்த்தம். பெயர்ல மாட்டலேன்னா பிறந்த தேதி, பிறந்த ஊர் போட்டுப் பாருங்க. வீரரோட பதிவு அட்டை கிடைச்சா படைப்பிரிவு, இறந்த தேதியைக் குறிச்சுக்கிட்டு, அதே தளத்துல போர்க் கல்லறைப் பகுதிக்குப் போங்க. கல்லறைத் தோட்டத்தின் பெயரும் கல்லறை எண்ணும் அங்கேதான். ‘ஒசுவேர்’னு இருந்தா பொது எலும்புக்கிடங்கு, தனிக்கல் தேடி அலைய வேண்டாம்.

மேற்குத்திசை:
சரி, வட ஆப்பிரிக்கர்னு மட்டும் சொன்னது தப்புதான். பிரிட்டிஷ் இந்தியப் படைன்னா வடக்கு பிரான்சில் இருக்கிற நவ் ஷாப்பெல் நினைவிடம். 1927 அக்டோபர் 7இல் திறந்தது. அங்கே இருக்கிறது பெயர்கள்தான்: கல்லறை தெரியாத 4,700க்கும் மேற்பட்டவங்க. அகரவரிசையா தேடாதீங்க. படைப்பிரிவு, அதுக்குள்ள பதவி, அப்புறம்தான் பெயர்.