பினாங்கு கோட்டை, ஜெர்ஜா தீவு: நம்ம சுங்கை சிப்புட் ஆளுங்க அனுபவம் சொல்லுங்க

கித்தாக்காட்டான்
போன ஸ்கூல் லீவுல அப்பாவ பினாங்கு கூட்டிட்டுப் போனேன். கார்ன்வாலிஸ் கோட்டைக்குள்ள ஒரு கைடு, 1786-ல பிரான்சிஸ் லைட் வந்து எறங்குனாரு, காட்ட அழிச்சாரு, கோட்டைய கட்டுனாருன்னு எல்லாத்தையும் அவரே தனி ஆளா செஞ்ச மாதிரி சொல்லிட்டு இருந்தாரு. எங்கப்பா ஆயுசுக்கும் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு, வெளியாளுங்க முன்னாடி வாயே தொறக்க மாட்டாரு. அன்னிக்கு செங்கல் இடுக்குல வெரல விட்டுப் பாத்துக்கிட்டே, "தம்பி, இந்தச் செவத்த அடுக்குனது யாருப்பா?"ன்னு கேட்டுட்டாரு. கைடு சிரிச்சிட்டு பீரங்கி பக்கம் போயிட்டாரு. லைட் போட்டது வெறும் நிபோங் மர வேலி, செங்கல் செவரு பிற்பாடு இந்தியாவுலேர்ந்து கொண்டாந்த கைதிங்க கட்டுனது. அத ஒரு வரி சொன்னா என்ன கொறஞ்சிடும்? இன்னும் மனசு ஆறல.

லயத்துப்பேத்தி
அண்ணே, நம்ம ஆளுங்க மொதல்ல பாத்தது கோட்டைய இல்ல, கப்பல்ல வந்தவங்கள நோய்க்குப் பயந்து தனியா அடைச்சு வெச்ச ஜெர்ஜா தீவ. எங்க பாட்டி நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி டெக்குல படுத்து வந்தவங்க. மேல் கிளாஸ் ஆளுங்க நேரா டவுனுக்குப் போயிட்டாங்க, டெக் ஆளுங்கள மட்டும் தீவுல எறக்கி அடைச்சாங்க. மருந்து அடிக்கிறேன்னு கூறப்புடவைய வாங்கி ஆவியில போட்டு, சாயமெல்லாம் எறங்கி ஒரே திட்டுத்திட்டா திரும்பி வந்துச்சாம். ஒருதடவ பாட்டிய கார்ல பினாங்கு பாலத்து மேல கூட்டிட்டுப் போனோம், எடது பக்கம் தீவு தெரிஞ்சதும் "கண்ணாடிய ஏத்துடி"ன்னாங்க. ஏர்கோன் கூட போடல, அந்த வெயில்ல ஏத்துனேன். அதுக்கப்புறம் டவுன் வர்ற வரைக்கும் ஒரு பேச்சு இல்ல.

மணிக்கூண்டு மாமா
எல்லாரும் ரஜுலா ரஜுலான்னு சொல்றீங்க, அது 1926-ல கட்டுன கப்பல். எங்க தாத்தா அதுக்கு முன்னாடியே, தோட்டத்துக்கு ஆள் சேத்துக் கூட்டிட்டு வர்ற கங்காணி கூட வந்துட்டாரு. 1938-ல இந்திய அரசாங்கம் தோட்டத்துக்கு ஆள் அனுப்புறதயே நிறுத்திடுச்சு, அதனால பாதி பேரு சொல்ற ரஜுலா கத சரியா வராது. அப்புறம் தம்பி, அப்பாவ அடுத்த தடவ கூட்டிட்டுப் போனா காலையிலயே போங்க, வெயில் ஏறுனா பெரியவங்களுக்கு முடியாது. மணிக்கூண்டுலேர்ந்து ஆரம்பிங்க, 1897-ல விக்டோரியா ராணி பட்டமேறி 60 வருஷம் ஆனதுக்காக 60 அடியில எழுப்புனது, ஜப்பான்காரன் சண்டையில குண்டு விழுந்து லேசா சாஞ்சிருக்கும், நல்லா உத்துப் பாக்கணும். அங்கேர்ந்து குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், 1833-லேர்ந்து இருக்கு, நடை சாத்துறதுக்குள்ள போயிடுங்க. அப்புறம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அது 1801. செருப்பு கழட்டுற எடம் நெறைய, அதனால ஷூ வேணாம், சிலிப்பர் போட்டுக்கச் சொல்லுங்க. தண்ணி போத்தல் மறக்காதீங்க.

லயத்துப்பேத்தி
மாமா, 1938-ல நிறுத்துனது கூலி வேலைக்கு ஆள் அனுப்புறத. புருஷன்கிட்ட வந்து சேர்ற பொம்பளைங்களும் பிள்ளைங்களும் அதுக்கப்புறமும் வந்துக்கிட்டுதான் இருந்தாங்க. எங்க பாட்டி ஜப்பான்காரன் போனப்புறம் அப்படி வந்தவங்க, தாத்தா ஏற்கனவே இங்க பால்மரம் வெட்டிக்கிட்டு இருந்தாரு. ரயில விட்டு எறங்கி தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த மறுநாள் விடியக்காலையிலயே பாட்டியும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போயி நின்னாங்க, அதே சாயம்போன புடவையோட.