குன்னூர் வீட்டு பாத்ரூம் சுவர்: 15,000 ரூபாயில் என்ன செய்யலாம்?

சிம்ஸ்பார்க் பக்கம்:
அப்பா கட்டின வீடு. பாத்ரூம் 5க்கு 7 அடி, நாலடி உயரம் வரை ரோஸ் கலர் சின்ன டைல்ஸ், அதுக்கு மேல டிஸ்டெம்பர். டைல்ஸ் கெட்டியா இருக்கு, ஆனா இடுக்கெல்லாம் கறுப்பு, மேல் சுவரில் வருஷா வருஷம் பூஞ்சை. உடைச்சுப் போடுற அளவுக்கு வசதியில்லை. பிவிசி பேனல் அடிச்சு மறைச்சுடலாமா?

கோத்தகிரிக்காரன்:
பேனல் வேண்டாம் அக்கா. முன்னாடி பளபளன்னு இருக்கும், பின்னாடி ஓதம் அடைஞ்சு நாறும். முதல்ல ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. மேல் சுவரில் ஒரு பாலிதீன் துண்டை வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. பாலிதீனோட உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வேர்த்தா சுவர் வழியா வருது, மண் மேட்டை ஒட்டின சுவர்னா அதுதான், வெளியே வாய்க்காலைச் சரி பண்ணாம உள்ளே எது அடிச்சும் பிரயோஜனமில்லை. வெளிப்பக்கம் வேர்த்தா கீசர் ஆவி. நம்ம ஊர்ல பாதி வீட்ல குளிருக்குப் பயந்து வெண்டிலேட்டரை அட்டை வச்சு அடைச்சிருப்போம், அப்புறம் பூஞ்சை வராம என்ன செய்யும்?

டைல்ஸ் வேலை:
பழைய டைல்ஸைத் தட்டிப் பாருங்க. டொக்குனு சத்தம் வராம கெட்டியா இருந்தா அதுமேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம். ஆனா சிமெண்ட் பால் பிடிக்காது, டைல் மேல் டைல் ஒட்டுறதுக்குன்னே வர்ற அட்ஹெசிவ்தான். 20 கிலோ மூட்டை ஏறக்குறைய 50 சதுர அடிக்கு வரும், உங்களுக்கு ரெண்டு மூட்டை. சுவர் கனம் கூடுறதால குழாயை முன்னால நீட்ட எக்ஸ்டென்ஷன் நிப்பிள் மாட்டணும், கதவு நிலை ஓரத்தையும் பார்த்துக்கோங்க. டைல்ஸை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏத்தினா லாரி வாடகையும் மலையேறும்போது உடையறதும் சேரும், அதனால கொஞ்சம் கூடவே வாங்குங்க.

சிம்ஸ்பார்க் பக்கம்:
டேப் ஒட்டிப் பார்த்தேன், வெளிப்பக்கம்தான் வேர்க்குது. மண் மேடும் இல்லை.

கொடை குளிர்:
அப்ப புது டைல்ஸே எதுக்கு? முதல் செலவு எக்ஸாஸ்ட் ஃபேன். இடுக்கில் இருக்கிற பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துட்டு எபாக்ஸி கிரவுட் போடுங்க, பாதி அழுக்கு அங்கேயே போயிடும். மேல டிஸ்டெம்பரை மொத்தமா சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைச்சு (ஆசிட்டோட சேர்த்துடாதீங்க, விஷவாயு வரும்), நல்லாக் காய்ஞ்சப்புறம் பூஞ்சை தாங்குற எமல்ஷன் அடிங்க. ரோஸ் கலர் அப்பவும் பிடிக்கலைன்னா டைல்ஸ் மேல ரெண்டு பாகம் கலக்குற எபாக்ஸி பெயிண்ட் அடிக்கலாம், ஆனா மழைக்காலத்துல வேண்டாம். குளிர்ல அது இறுக ரொம்ப நாள் ஆகும், பிப்ரவரி கடைசிக்கு மேல வச்சுக்கோங்க, பெயிண்ட் இறுகுற வரைக்கும் குளிக்க வேற பாத்ரூம் இருக்கா?

சிம்ஸ்பார்க் பக்கம்:
கீழ் வீட்ல இருக்கு. ஃபேனை இந்த வாரமே மாட்டிடறேன்.