14 மாடி பிளாக்கை இடிக்கப் போகிறார்களாம், வோட்டை எந்தப் பக்கம் போடுவது?

மாடிவீட்டான்:
லண்டனில் கவுன்சில் (உள்ளூராட்சி) வாடகை வீட்டில் இருக்கிறோம், எழுபதுகளில் கட்டிய பிளாக். போன கிழமை கடிதம் வந்தது, எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம், அதற்கு முன் வோட்டெடுப்பாம். கூட்டத்தில் காட்டிய படங்கள் முழுக்க மரமும் சைக்கிள் ஓடும் பிள்ளைகளும்தான். லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது, சுவரெல்லாம் பூஞ்சணம், இடித்தால் இடிக்கட்டும் என்றிருக்கிறது எனக்கு. ஆனால் 22 வருடமாக இங்கே இருக்கும் அம்மா, "வெளியே போனால் திரும்ப வர விடமாட்டாங்கள்" என்கிறா. யார் சொல்வது சரி?

தேம்ஸ்கரை:
அம்மா சொல்வதுதான். தெற்கு லண்டனில் எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் இருந்த ஹேகேட் எஸ்டேட் குடியிருப்பைப் பாருங்கள். 1974இல் கட்டி முடித்தது, சுமார் 1,200 வீடுகள், பெரும்பாலும் கவுன்சில் வாடகை. 2014க்குள் முழுக்க இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 2,500 வீடு என்று திட்டம் போட்டதில் பழைய மாதிரி சமூக வாடகைக்கு, அதாவது கவுன்சில் வீட்டைப் போன்ற குறைந்த வாடகைக்கு, ஒதுக்கியது 82. எண்பத்திரண்டுதான், பிழையாக எழுதவில்லை! அங்கிருந்த சனம் எங்கெங்கோ சிதறிப் போனது. "கட்டுப்படியாகும் வாடகை" என்று கடிதத்தில் இருந்தால் மயங்கிவிடாதீர்கள், அது சந்தை வாடகையில் 80% வரை போகலாம். "சமூக வாடகை" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

செங்கல்:
இடிக்காமலே செய்யலாம். பிரான்சில் போர்தோ நகரத்து கிராண்ட் பார்க் என்ற குடியிருப்பில் அறுபதுகளில் கட்டிய மூன்று பிளாக், 530 வீடுகள். லக்காத்தோன், வாசால் என்ற கட்டடக்கலைஞர்கள் மற்ற இருவருடன் சேர்ந்து சுவரை உடைத்து, வெளிப்பக்கமாக 3.8 மீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடி போட்ட பால்கனியை ஒட்டவைத்தார்கள், வேலை நடந்தபோதும் ஆட்கள் வீட்டிலேயே இருந்தார்கள். 2019இல் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ கட்டடக்கலை விருது அதற்குத்தான். இங்கே ஏன் செய்யமாட்டார்கள் என்றால், புதுவீடு கட்டினால் வாட் வரி இல்லை, பழையதைத் திருத்தினால் பெரும்பாலும் 20%. அப்புறம், திருத்தினால் விற்பதற்குக் கூடுதல் வீடு எங்கிருந்து வரும்?

குமிழ்முனை:
செங்கல், எல்லா பிளாக்குக்கும் அது சரிவராது. 1968இல் லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற அடுக்குமாடியில் 18ஆம் மாடியில் காஸ் வெடித்து ஒரு மூலை முழுதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது, நாலு பேர் செத்தார்கள். பெரிய காங்கிரீட் பலகைகளைப் பொருத்திக் கட்டிய அந்த வகை என்றால் பலப்படுத்தவே பெரும் செலவு. முதலில் பொறியாளர் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள் மாடிவீட்டான்.

இன்னொன்று, ஒருவரும் சொல்லவில்லை. லண்டன் மேயரின் 2018 விதிப்படி நடக்கும் வோட்டெடுப்பு என்றால், 16 வயது ஆனாலே போதும், ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருக்க வேண்டும், அல்லது வீட்டைச் சொந்தமாக வாங்கி ஒரு வருடமாவது அங்கேயே இருக்க வேண்டும். மற்றவர்கள் கவுன்சிலின் வீட்டுப் பதிவில் (வீடு கேட்டுக் காத்திருப்போர் பட்டியல்) ஒரு வருடமாவது இருந்தால்தான் உண்டு. வீடு யார் பெயரில்?

மாடிவீட்டான்:
அம்மா பெயரில். நான் எந்தப் பதிவிலும் இல்லை. சரி, அறிக்கையைக் கேட்டு எழுதுகிறேன், வோட்டை அம்மா பார்த்துக்கொள்வா.