பெல்ட்டு, பட்டி, சில்லு, ட்ரெட்மில்: வீட்டிலை வைச்சுச் செய்யிற சாமானுகளாலை உடம்பு இறுகுமா?

மாங்குளம் சந்தி
பேஸ்புக்கைத் திறந்தால் ஒரே விளம்பரம். மின் பெல்ட்டை வயிற்றிலை ஒட்டிப்போட்டு கதிரையிலை இருந்து ரீவி பார்த்தால் தசை இறுகுமாம். அடுத்தது வேர்க்கப் பண்ணுற இடுப்புப் பட்டி. பிறகு ரப்பர் பட்டி, கையாலை பிடிச்சு நிலத்திலை உருட்டுற வயிற்றுச் சில்லு, வீட்டுக்குள்ளை வைச்சு மிதிக்கிற மடிக்கிற சைக்கிள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஜிம் இருக்கு. ஆனால் மாங்குளத்துக்கு உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் ஒவ்வொரு பின்னேரமும் போய்வர ஏலாது. உதுகளிலை எது உண்மையா வேலை செய்யும்? விசயம் தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ.

முறிகண்டிக் கச்சான்
ஒண்டும் வேலை செய்யாது. காசைக் கொண்டுபோய்க் குளத்திலை போடுங்கோ, மீனாவது பார்க்கும்.

உது புதுக்கதை இல்லை. 2002இலை அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் மூன்று மின் பெல்ட்டுக் கொம்பனிகள் மேலை நடவடிக்கை எடுத்தது. கஷ்டப்படாமல் வயிறு இறுகும் எண்டு ரீவியிலை வித்த பொய்க்காகத்தான். 2012இலை 'அப் சேர்க்கிள் ப்ரோ'. நாளுக்கு 3 நிமிசம் ஆடினால் 100 தரம் படுத்து எழும்பினதுக்குச் சமன் எண்டவை. கடைசியிலை வாங்கின சனத்துக்குக் காசைத் திருப்பிக் குடுக்க ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. இப்ப அதே கதைக்கு வேறை உறை போட்டு எங்கடை போனுக்கு அனுப்பினம்.

கணக்கைப் பாருங்கோ. ஒரு கிலோ கொழுப்பிலை ஏறத்தாழ 7700 கலோரி. 70 கிலோ ஆள் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்திலை அரை மணித்தியாலம் நடந்தால் போறது 120 கலோரி சொச்சம். 100 கிராம் சோறு 130. இதுக்குள்ளை எந்தப் பெல்ட்டு என்னத்தைக் கரைக்கப் போகுது?

வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்புத்தான் போகும் எண்டதும் பிழை. 1971இலை டென்னிஸ் விளையாடுறவையின்ரை இரண்டு கையையும் அளந்து பார்த்தவை. மட்டை பிடிக்கிற கை பருத்திருந்தது. ஆனால் தோலுக்குக் கீழை இருந்த கொழுப்பின்ரை தடிப்பு இரண்டு கையிலும் ஒண்டுதான். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போங்கோ, அது காணும்.

வட்டக்கச்சி வாத்தி
தம்பி கச்சான், பெல்ட்டைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதை வைத்து எல்லாச் சாமானையும் ஒரே குப்பைக்குள் போட்டதுதான் பிழை.

தசைக்கு மூளை போலக் கடைப்பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தது எதிர்ப்பு மட்டும். ஒரு பாரத்தை இழுக்கிறோம், கடைசி இரண்டு மூன்று தரம் கஷ்டப்படுகிறது, பிறகு அந்தப் பாரத்தைக் கூட்டுகிறோம். இந்த மூன்றும் இருந்தால் தசை வளரும். எதிர்ப்பு இரும்பிலிருந்து வந்தாலென்ன, ரப்பரிலிருந்து வந்தாலென்ன? ரப்பர் பட்டியையும் இரும்பையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் பார்த்தார்கள். பலம் கூடியதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே சாமானைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேலையை நான் செய்கிறேனா, அது செய்கிறதா? அது செய்கிறது என்றால் வாங்காதீர்கள்.

மண்வெட்டிக் கதைக்கு வருவோம். இப்போது உழவுக்கு லான்ட்மாஸ்டர், அறுவடைக்கு மெசின், தண்ணீருக்கு மோட்டர். மண்வெட்டி பிடிக்கிற நாட்கள் எத்தனை? பிடித்தாலும் அதன் பாரம் ஒருநாளும் கூடாது. ஒரே மண்வெட்டியை 20 வருடம் பிடித்தவருக்கு முதல் வருடம் வந்த தசைதான் இன்றைக்கும். அதோடு குனிந்தபடி செய்யிற வேலை. தோளைப் பின்னால் இழுக்கிற தசைக்கு, அதாவது இரண்டு சிறகெலும்புக்கும் நடுவில் இருப்பதற்கு, அதில் முறையான பயிற்சி கிடையாது.

வீட்டில் சாமான் இல்லாமல் தள்ளுகிற பயிற்சி செய்யலாம், தண்டால் இருக்கிறது. குந்தி எழும்பலாம். இழுக்கிற பயிற்சிக்குத்தான் வழியில்லை. அந்த ஓட்டையை ஒரு ரப்பர் பட்டி அடைக்கும்.

முறிகண்டிக் கச்சான்
வாத்தியார், இழுவை விசயத்திலை நீங்கள் சொல்லுறது ஞாயம், எடுத்துக்கொள்ளுறன். ஆனால் அதுக்கும் பட்டி தேவையில்லை. பட்டி தொடக்கத்திலை லேசு, முடிவிலை பாரம். எத்தினை கிலோ இழுக்கிறம் எண்டே தெரியாது. தகரக் கூரைக்குக் கீழை ஒரு கோடை கிடந்தால் வெடிச்சுப் போகும். முகத்திலை அடிச்சால் கண் போகும்.

20 அடி ஜீ.ஐ. பைப் இரண்டு அங்குலத்திலை ஒண்டு வாங்கி இரண்டா வெட்டினால் 10 அடிக் கால் இரண்டு. 3 அடி நிலத்துக்குள்ளை, 7 அடி வெளியிலை. குறுக்குக்கு ஒரு அங்குலப் பைப் 4 அடி. ஒரு அங்குலம் எண்டு வித்தாலும் வெளி விட்டம் 34 மில்லிமீற்றர் வரும், கைக்கு அளவு. ஒண்டேகால் அங்குலம் எடுத்தால் 42 வரும், சின்னக் கைக்காரருக்குப் பிடி வழுக்கும். கொங்கிறீற் 1:2:4 (சீமெந்து, மண், சல்லி) போட்டு ஏழு நாள் தொடாமல் விடுங்கோ. களித்தரை எண்டால் 3 அடிக்குக் குறைக்கவே கூடாது. மாரிக்கு ஊதி, கோடைக்கு வெடிக்கிற நிலம் காலை அசைச்சுப்போடும்.

பாரத்துக்கு மண். 5 லீற்றர் கானுக்குக் காய்ஞ்ச ஆற்றுமண் நிரப்பினால் 8 கிலோ. அதே கானுக்குக் கொங்கிறீற் ஊத்தினால் 12 கிலோ. ஒண்டரை லீற்றர்ப் போத்தலுக்கு மண் போட்டால் இரண்டேகால், இரண்டரை.

வட்டக்கச்சி வாத்தி
நல்ல வேலை. அப்படியே செய்யுங்கள். ஆனால் அந்தப் பைப்பில் தொங்கி, நாடியை மேலே கொண்டுபோகப் பத்துப் பேரில் எத்தனை பேரால் ஏலும்? பெரும்பாலான பெண்களும் 40 தாண்டிய ஆண்களும் முதல் நாள் ஒருதரம்கூட எழும்ப மாட்டார்கள். ஒருதரமும் செய்ய ஏலாத பயிற்சி பயிற்சியே இல்லை. உங்கள் பைப்பில் ஒரு வளையப் பட்டியைக் கொழுவி முழங்காலை அதற்குள் வைத்தால் பட்டி உடம்பைத் தூக்கிவிடும். அடுத்த மாதம் மெல்லிய பட்டி. பிறகு பட்டியில்லாமல். உங்கள் பைப்புக்கே என்ரை பட்டி தேவைப்படுகிறது, பார்த்தீர்களா.

தொடக்கத்தில் லேசு என்பதற்கு மருந்து: ஆரம்பத்திலேயே கொஞ்சம் இழுபட்ட நிலையில் நில்லுங்கள், ஒரு அடி பின்னுக்குப் போனால் போதும். கிலோ தெரியவில்லையென்றால் எண்ணிக்கையை வைத்து அளவுங்கள். யன்னல் கம்பியில் பட்டியைச் சுற்றி, இரண்டு முழங்கையும் விலாவோடு உரச இழுத்து, இரண்டு வினாடி பிடித்து, மூன்று வினாடி எடுத்து விடுங்கள். 12 தரம், மூன்று முறை, கிழமைக்கு மூன்று நாள். 15 தரம் சுகமாகப் போனால் அரை அடி பின்னுக்கு. அதுவும் சுகமென்றால் அடுத்த தடிப்பு. தொடங்குகிறவருக்கு மூன்று தடிப்பு போதும்.

கதவில் கொழுவுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் இழுக்கிற பக்கம் கதவு பூட்டுகிற பக்கமாக இருக்க வேண்டும். திறக்கிற பக்கம் நின்று இழுத்தால் கொளுவி கழன்று நேரே முகத்துக்குத்தான் வரும். கச்சான் சொன்ன வெடிப்பு உண்மை. சூடும் வெயிலும் ரப்பரைக் கெடுக்கும். ஒவ்வொரு நாளும் செய்ய முதல் ஒருதரம் இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைக் கீறல், சின்ன வெட்டு தெரிந்தால் அன்றோடு சரி. துணிப்பையில் சுற்றி நிலத்தோடு ஒட்டின அலுமாரித் தட்டில் வையுங்கள், கூரைப்பக்கம் வேண்டாம். அவசரத்துக்குப் பழைய சைக்கிள் டியூப்பும் உதவும். வால்வ் இருக்கிற துண்டை வெட்டி எறிந்துவிட வேண்டும், அந்த இடத்தில்தான் கிழியும்.

ஓமந்தை அக்கா
இரண்டு பேரும் பைப்புக்கும் பட்டிக்கும் அடிபடுகிறியள். ஆபத்தான சாமானைப் பற்றி ஒரு வரியோடு விட்டுட்டியள்.

வேர்க்கிற பட்டி முதல். ஒரு லீற்றர் வேர்வை போனால் ஒரு கிலோ குறைஞ்ச மாதிரித் தராசு காட்டும். தண்ணி குடிச்ச உடனே அது திரும்பி வரும். கொழுப்பு அப்படியே இருக்கும். சித்திரை வெயிலிலை பிளாஸ்ரிக்கைச் சுற்றிக்கொண்டு ஓடினால் உடம்புச் சூடு வெளியாலை போக வழியில்லை. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் ஏற்கெனவே கன பேரைப் பிடிச்சிருக்கு. அந்த நோய் இருக்கிற ஆக்கள் உடம்பிலை தண்ணி வத்த விடவே கூடாது.

மின் பெல்ட்டு. மின்சாரத்தாலை தசையைச் சுருக்கிறது பொய்யில்லை. முழங்கால் ஒபரேசனுக்குப் பிறகு தொடைத்தசை வேலை செய்ய மறுக்கேக்கை அதை எழுப்ப இதே முறையைப் பாவிக்கினம். ஆனால் பலம் வாற அளவுக்குச் சுருங்க வைக்க, தாங்கக்கூடிய எல்லை வரைக்கும் மின்சாரத்தைக் கூட்ட வேண்டும். பொத்தான் பற்றரியிலை ஓடுற வண்ணத்துப்பூச்சி வடிவ ஒட்டி அதைச் செய்யாது, துடிக்கிறதோடை சரி. அதோடை வயிற்றிலை கொழுப்பு கனக்க இருந்தால் மின்சாரம் தசைக்குப் போய்ச் சேர முதல் அங்கேயே மங்கிப்போகும். ஆருக்குத் தேவையெண்டு விளம்பரம் சொல்லுதோ, அவைக்குத்தான் குறைவா வேலை செய்யும்.

பேஸ்மேக்கர் வைச்ச ஆக்களும் கர்ப்பிணியளும் தொடக்கூடாது. எங்கடை பக்கத்திலை இன்னொரு விசயம் இருக்கு. காயப்பட்ட ஆக்கள் கன பேர். தோலிலை உணர்வு குறைஞ்ச இடத்திலை ஒட்டினால் சூடு தெரியாது, சுட்டுப்போடும். உடம்புக்குள்ளை பீஸ் (ஷெல், குண்டுத் துண்டு) இருக்கிற ஆக்கள் வைத்தியரைக் கேளாமல் அந்த இடத்துக்குக் கிட்ட ஒட்ட வேண்டாம்.

பட்டிக்கு நான் ஆதரவு, காரணம் வேறை. முழங்காலுக்குக் கீழை கால் இல்லாத ஆக்களுக்கு இடுப்பைப் பின்னுக்கும் பக்கத்துக்கும் இழுக்கிற தசைதான் நடையைக் காப்பாற்றும். பட்டியைத் தொடையிலை, முழங்காலுக்கு மேலை போடவேணும். பொய்க்காலின்ரை பாதத்திலை போட்டால் இழுவை முழுக்கக் மிஞ்சின கால் செருகுற குழிவுக்குள்ளை போய் அந்தக் காலை உரசிப் புண்ணாக்கும். பயிற்சிக்குப் பிறகு 15, 20 நிமிசம் குப்புறப் படுக்கிறதும் முக்கியம். நாள் முழுக்கக் கதிரையிலை இருந்தால் இடுப்பு மடிஞ்சபடி இறுகிப் போகும்.

மடிக்கிற சைக்கிள் முழங்கால் தேய்ஞ்ச ஆக்களுக்கு நல்லது. மிதி அடியிலை இருக்கேக்கை முழங்கால் கொஞ்சம் மடிஞ்சிருக்கிற உயரத்துக்கு இருக்கையைப் பூட்டுங்கோ. தாழப் பூட்டிப்போட்டு "சைக்கிள் ஓடினால் முழங்கால் நோகுது" எண்டு சொல்லுறதுதான் வழமை.

மாங்குளம் சந்தி
வயிற்றுச் சில்லு? கனடாவிலை இருந்து பொதியிலை வாற ட்ரெட்மில்?

வட்டக்கச்சி வாத்தி
சில்லு நல்ல சாமான், கொழுப்பைக் கரைக்காது, வயிற்றுத் தசையைப் பலமாக்கும். கெடுக்கிறதும் சுகம். முழங்காலுக்குக் கீழே சாக்கை நாலாக மடித்து வைத்து, சுவருக்கு முன்னால் முழங்காலில் நில்லுங்கள். சில்லு இரண்டடி போய்ச் சுவரில் முட்ட வேண்டும். பின்பக்கத்தை இறுக்கி, நாரி பள்ளமாக விழாமல் போய் வரவேண்டும். நாரி தொய்கிற இடம்தான் உங்கள் எல்லை, அதற்கு ஒரு சாண் முன்னால் திரும்புங்கள். 6 தரம் மூன்று முறை போதும். நாரி நோகுது என்று சில்லைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் முதல் நாளே நிலத்தோடு நெஞ்சு படப் போனவர்கள்.

நாயாற்றுக் காத்து
ட்ரெட்மில்லுக்கு நான் சொல்லுறன்.

கனடா மெசின் 120 வோல்ட். எங்கடை சுவரிலை 230. பிளக்கை மாத்திக் குத்தினால் அந்தச் செக்கனே உள்ளுக்கை இருக்கிற மின் போர்ட் எரிஞ்சுபோகும். இறக்குற ட்ரான்ஸ்போமர் வேணும், 2 குதிரைவலு மோட்டருக்கு 3 கே.வி.ஏ.க்குக் குறையாமல். டி.சி. மோட்டர் எண்டால் 60 ஹேட்ஸ், 50 ஹேட்ஸ் பிரச்சினை இல்லை. ஏ.சி. மோட்டர் போட்ட பெரிய ஜிம் மெசின்களிலை வேகத்தைக் கட்டுப்படுத்த வேறை போர்ட் இல்லாட்டில் ஆறிலை ஒரு பங்கு வேகம் குறையும்.

கிரவல் றோட்டுப் புழுதிதான் அடுத்த எமன். மெசினிலை ஓடுற பட்டிக்குக் கீழை போய் இருக்கும். உராய்வு கூட, மோட்டர் கரண்டைக் கூட இழுக்கும், போர்ட்டிலை ட்ரான்சிஸ்டர் வெடிக்கும். ஆக்கள் "கரண்ட் கூடிக் குறைஞ்சதாலை போச்சு" எண்டுவினம். கன தரம் அது எண்ணெய் விடாததாலை. மாதம் ஒருக்கா ஈரத்துணியாலை பலகையைத் துடைச்சு, காயவிட்டு, பட்டியின்ரை ஓரத்தைத் தூக்கி சிலிக்கோன் ஒயில் ஒவ்வொரு பக்கமும் 10 மில்லிலீற்றர். பிறகு 3 நிமிசம் மெதுவா ஆளில்லாமல் ஓடவிடுங்கோ. தேங்காய் எண்ணெய் விடாதேங்கோ, புழுதியோடை சேர்ந்து பசையாகும். எஞ்சின் ஒயில் பட்டியை ஊத வைக்கும்.

பட்டி வலப்பக்கம் ஒதுங்கினால் பின்னுக்கு வலப்பக்க நட்டைக் கால் சுற்று வலஞ்சுழியா. ஒரே நேரத்திலை முழுச்சுற்று வேண்டாம். மோட்டர்ப் பெட்டி ஓட்டைகளுக்கு நுளம்பு வலை ஒட்டுங்கோ, பல்லி போர்ட்டிலை ஏறிச் செத்தால் சோர்ட்.

முல்லைத்தீவுக் கரையிலை ஸ்பிரிங் சாமான் ஒண்டும் வாங்காதேங்கோ. உப்புக்காத்து.

முறிகண்டிக் கச்சான்
550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டிலை ஆறடி மெசினை எங்கை வைக்கிறது? ஆறு மாதத்திலை துவாய் காயப்போடுற கொடி ஆகும். நடக்கிறதுக்கு ஏ9 றோட்டு இருக்கு, ஒயிலும் விடத் தேவையில்லை.

ஓமந்தை அக்கா
ஏ9இலை பின்னேரம் நடக்கச் சொல்லுறியள், பஸ் போற வேகம் தெரிஞ்சுதானோ தம்பி? குளக்கட்டிலை நடக்கச் சொல்லுங்கோ. உலக சுகாதார நிறுவனம் 2020இலை சொன்னது கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிச நடுத்தர அசைவு, அதோடை இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. நடைக்குக் கட்டு, தசைக்குப் பட்டி. சாப்பாட்டையும் பாருங்கோ. பிளேன்ரியும் பாணும் சாப்பிட்டுக்கொண்டு தசை வரேல்லை எண்டால் பட்டி என்ன செய்யும்? ஒரு முட்டையிலை 6 கிராம் புரதம், 100 கிராம் மீனிலை 20, காய்ஞ்ச கௌபி 100 கிராமிலை 24.

மாங்குளம் சந்தி
சரி, பெல்ட்டு வேண்டாம். பட்டி மூண்டு, பைப் ஒண்டு. கச்சான் அண்ணை, ஏழு நாள் கழிச்சு நேரே தொங்கலாமோ?

முறிகண்டிக் கச்சான்
தொங்காதேங்கோ. 50 கிலோச் சீமெந்துப் பை இரண்டைக் கயிற்றாலை நடுவிலை கட்டி ஒரு இரவு விடுங்கோ. விடிய நூல் பிடிச்சுப் பாருங்கோ, குறுக்குப் பைப் வளைஞ்சிருக்கா, கால் அடியிலை கொங்கிறீற்றுக்கும் மண்ணுக்கும் நடுவிலை வெடிப்பு விட்டிருக்கா எண்டு. இரண்டும் இல்லாட்டில் நீங்கள் தொங்கலாம். மழை வந்தால் பையை இரவே உள்ளுக்கை எடுத்துப் போடுங்கோ. சீமெந்து விற்கிற விலையிலை அது ட்ரெட்மில்லை விட நட்டம்.