கவுண்டி ஃபேர் ரூபார்ப் பை போட்டி: சாறை வடிக்கணுமா, வேண்டாமா?

அடுப்படி:
ஜூலைக் கடைசியில் எங்க கவுண்டி ஃபேரில் (மாவட்டக் கண்காட்சி) ரூபார்ப் பை போட்டி. ரூபார்ப்னா பழம் மாதிரி சமைக்கிற புளிப்புத் தண்டு. அதை மாவு உறைக்குள்ள வெச்சுச் சுடுறதுதான் இந்தப் பை. 9 அங்குல பை, மேலும் கீழும் கிரஸ்ட், அதாவது மாவு உறை. ரூபார்ப் தவிர வேறு பழம் கூடாது, ஸ்ட்ராபெரிக்கும் இடமில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் அலுமினியத் தட்டில்தான் கொண்டுபோகணும். காலை 9 மணிக்குள் ஒப்படைச்சா 11 மணிக்கு நடுவர்கள் வெட்டிப் பார்ப்பாங்க. ரூபார்ப்பைச் சர்க்கரையில் ஊறவெச்சுச் சாறை வடிக்கணுமா, அப்படியே போடலாமா?

செம்பருத்தி:
வடிச்சே ஆகணும். தண்டில் 100-க்கு சுமார் 94 பங்கு தண்ணீர். சர்க்கரை பட்டதும் அது வெளியே வந்தே தீரும். பாத்திரத்தில் வரணுமா, கிரஸ்ட்டுக்குள்ள வரணுமா என்பதுதான் நம்ம கையில் இருக்கு. 700 கிராம் தண்டை ஒன்றரை செ.மீ. துண்டுகளா நறுக்கி, 200 கிராம் சர்க்கரையும் கால் டீஸ்பூன் உப்பும் கலந்து ஒரு மணி நேரம் வைங்க. வடியுற சாறைக் கால் கப் ஆகும்வரை சுண்டக் காய்ச்சி, ஆறவெச்சு, 2 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளோரோட துண்டுகளில் கலந்துடுங்க. காய்ச்சுறது ஸ்டீல் பாத்திரமா இருக்கட்டும். அலுமினியச் சட்டியில் புளிப்பு ஏறினா உலோக ருசி வந்துடும்.

பனிக்காட்டான்:
இதை ஒத்துக்க முடியாதுங்க. சுண்டக் காய்ச்சின சாறில் ஜாம் வாசனைதான் வரும். வேறு பழமே கூடாதுன்னு விதி வெச்ச போட்டியில் நடுவர் தேடுறது அந்தப் பச்சைப் புளிப்பை. அதைக் கொதிக்கவெச்சுக் கொல்லலாமா? மூன்றரை டேபிள்ஸ்பூன் ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடிச்சு, துண்டுகளோட சர்க்கரையும் சேர்த்துக் கலந்து, 20 நிமிஷம் ஊறினதும் சாறோடயே கொட்டுங்க. கார்ன்ஃப்ளோர் புளிப்பில் ரொம்ப நேரம் கொதிச்சா நீர்த்துப் போகும், சாறும் கலங்கலா இருக்கும். ஜவ்வரிசி மரவள்ளி மாவுதானே, அது புளிப்பைத் தாங்கும், சாறும் கண்ணாடி மாதிரி தெளிவா நிற்கும்.

செம்பருத்தி:
ஜவ்வரிசின்னா மேலே மாவுப் பட்டைகளை இடைவெளி விட்டு லாட்டிஸ் பின்னவே கூடாதுன்னு சேர்த்துச் சொல்லணும். இடைவெளியில் தெரியுற குருணை ஓவன் சூட்டில் காய்ஞ்சு பல்லில் கடிபடும். முழு மூடி போட்டு நாலஞ்சு கீறல் போட்டா போதும்.

பனிக்காட்டான்:
அது சரிதான். கீறலில் இன்னொரு வசதியும் இருக்கு. ஓரத்துக் கீறலில் சாறு கொப்பளிக்கிறதைப் பார்த்ததும் எடுத்துடாதீங்க. நடுக் கீறலிலும் கெட்டியா, மெதுவாக் கொப்பளிக்கணும். நடு கொதிக்கலைன்னா எந்த மாவும் இறுகாது. 220 டிகிரி செல்சியஸில் 20 நிமிஷம், அப்புறம் 190-ல் 35 முதல் 40 நிமிஷம்.

வேர்மண்:
எந்தத் தண்டுன்னு ரெண்டு பேருமே கேட்கலையே? நல்ல ரூபார்ப் மே, ஜூனில்தான். ஜூலைக் கடைசியில் செடியில் நிற்கிறது பெரும்பாலும் நார் பாய்ஞ்ச தண்டு. ஜூனிலேயே இளந்தண்டைப் பறிச்சு, நறுக்கி, தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைங்க. துண்டுகள் தனித்தனியா இறுகினதும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கலாம். ஆனா உறையும்போது உள்ளே இருக்கிற திசு உடைஞ்சிடும். உருகுற நேரத்தில் தண்ணீர் கொட்டும். அதனால் இந்தப் போட்டிக்குச் செம்பருத்தி பக்கம்தான் நான்.

தோலைச் சீவாதீங்க, நிறம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கு. விக்டோரியா மாதிரி பச்சை ஓடுற ரகம் வெந்ததும் மங்கிடும், ருசியில் குறை வராது. சிவப்பா இருந்தா இனிப்புன்னு எண்ணுறது தப்பு.

அடுப்படி:
தட்டைச் சுற்றி ரூபார்ப் இலையை அலங்காரமா வைக்கலாமா?

வேர்மண்:
வைக்கவே வைக்காதீங்க! இலையில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம், விஷம். சாப்பாடு இருக்கிற தட்டுப் பக்கமே அது வரக்கூடாது.

பனிக்காட்டான்:
உறைஞ்ச துண்டை உருக விடாமலே போடலாமே. ஜவ்வரிசியை 4 டேபிள்ஸ்பூன் ஆக்கி, கூடப் பத்துப் பதினைந்து நிமிஷம் வேகவெச்சா முடிஞ்சது.

செம்பருத்தி:
அந்தத் தட்டில் முடியாது. அலுமினியத் தகடு மெல்லிசு, சூட்டைப் பிடிச்சு வெச்சுக்காது. மேலே ஐஸ்கட்டியா பழம் இருந்தா அடி கிரஸ்ட்டில் இருக்கிற வெண்ணெய் உருகுமே தவிர மாவு வேகாது, களிதான் கிடைக்கும். ஓவனின் கீழ் அடுக்கில் கனமான ட்ரேயை அரை மணி நேரம் முன்னாடியே காய விட்டு, அதுமேல் தட்டை வைங்க. முதல் நாள் மாலையிலேயே சுட்டுடணும். சாறு இறுக நாலு மணி நேரமாவது ஆகும், காலையில் சுட்டா 11 மணி வெட்டுக்கு ஓடிடும். ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க, கிரஸ்ட் நமத்துப் போகும்.

பனிக்காட்டான்:
சரி, உறைஞ்ச தண்டுன்னா வடிங்க. சுண்டக் காய்ச்சுறதை மட்டும் இப்பவும் ஏத்துக்க மாட்டேன். அரை கப் சாறில் ஜவ்வரிசிப் பொடியைக் கரைச்சு, பத்து நிமிஷம் ஊறினதும் சிறுதீயில் கிளறி, கூழ்ப் பதம் வந்ததும் இறக்கிடுங்க. மிச்சச் சாறு பைக்குள்ள போகவே வேண்டாம். அதோட போற சர்க்கரைக்கு ஈடா ரெண்டு ஸ்பூன் கூடப் போட்டுக்குங்க.

செம்பருத்தி:
மிச்சச் சாறைக் கொட்டினா நீங்க சொன்ன புளிப்பும் அதோடதானே போகும்? ஒரே நாளில் ரெண்டு சின்ன பை சுட்டு, ஒண்ணில் சுண்டின சாறு, ஒண்ணில் கூழ் போட்டு, மறுநாள் 11 மணிக்கு வெட்டிப் பாருங்க அடுப்படி. எது தட்டில் ஓடாம நிற்குதோ அதைக் கொண்டுபோங்க.